பதிவுத் திருமணத்தை ‘ரத்து செய்துகொள்ளலாம்’ என்று சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள்

மணமக்களுக்கான வழிகாட்டிக் கூட்டங்களை நடத்திவரும் நம் சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கும், இதே பணியைச் செய்துவரும் சிங்கப்பூரின் மற்றத் தமிழ் அமைப்புகளுக்கும், கோயில் நிர்வாகங்களுக்கும்:

திருமணத்திற்குத் தயாராகும் இளையர்களுக்கு நம் சங்கம் அச்சிட்டு வழங்கும் கையேட்டில், தாலி கட்டும் சடங்கு ஏதோ ஒரு காரணத்தால் நடைபெறாமல் போனால் பதிவுத் திருமணத்தை இருவரில் யார் வேண்டுமானாலும் ரத்து செய்துகொள்ளலாம் என்றும், அதன்பின் அது நடக்காததாகவே கருதப்படும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. இது தவறு என்பதைக் காரணங்களுடன் குழுவுக்கு எழுதித் தெரிவித்தேன். அடுத்த பதிப்பிலும் அந்த வாசகம் அப்படியே இடம்பெறும் என்றும், சட்ட விவரங்களைக் கூட்டிக்கொண்டே போனால் பிள்ளைகள் மிரண்டுபோவார்கள் என்றும் எனக்குப் பதில் வந்தது. இந்த முடிவைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

நான் வழக்கறிஞர் அல்லள். குடும்ப வழக்குகளை எடுத்து நடத்தும் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். திருமணம் செல்லாது என அறிவிக்கக் கோரும் மனுக்களை அந்த மேசையில் தட்டச்சு செய்திருக்கிறேன். அவற்றைக் கொடுத்தவர்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த கோலத்தையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இம்மடலுக்கு உடனடிக் காரணம் என் தங்கை மகள். சங்கத்தின் கையேட்டை நம்பி, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு பதிவு செய்துகொண்டவள் அவள். பிறகு நடந்தவற்றில் அவளுக்குத் துணையாக நான் கூடவே இருந்தேன். அவளுடைய ஒப்புதலோடுதான் இங்கு எழுதுகிறேன்.

நம்மவர்கள் ஏன் பதிவை முன்னாலும் தாலியைப் பின்னாலும் வைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மணமாகப்போகும் இணையராகப் பிடிஓ எனப்படும், தேவைக்கேற்பக் கட்டித்தரப்படும் புதிய அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள், சாவி கைக்கு வந்து மூன்று மாதங்களுக்குள் திருமணச் சான்றிதழை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் (வீவக) காட்டியாக வேண்டும். மண்டபமோ அந்த அவசரத்துக்குக் கிடைக்காது. கிடைத்தால் ஆடி வந்து நிற்கும், ஆடி போனால் மார்கழி வரும், நல்ல முகூர்த்தம் வாய்த்தால் ஊரிலிருந்து வரவேண்டிய பாட்டிக்கு விசா தாமதமாகும். ஆகவே 21 நாள் அறிவிப்புக் கொடுத்து, இரண்டு சாட்சிகளை அழைத்துக்கொண்டு, உரிமம் பெற்ற பதிவாளர் ஒருவர் முன்னிலையில் கையெழுத்திட்டுவிட்டு, ஒரு சாப்பாட்டோடு வீடு திரும்புகிறார்கள். “ரோம் மட்டும் ஆயிடுச்சு, கல்யாணம் இன்னும் ஆகல” என்று, திருமணப் பதிவகத்தின் ஆங்கிலச் சுருக்கத்தையே பதிவுக்குப் பெயராக்கி, உறவினரிடம் சொல்கிறார்கள். சொல்பவர்கள் உளமாரத்தான் சொல்கிறார்கள். மணமக்களும் அவரவர் பெற்றோர் வீட்டிலேயே தொடர்ந்து இருக்கிறார்கள்.

சட்டத்தின் கண்ணுக்குக் கல்யாணம் அன்றைக்கே ஆகிவிட்டது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்களுக்கான சிங்கப்பூர்ச் சட்டமான மாதர் சாசனம் 1961 செப்டம்பர் 15 அன்று நடப்புக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சாசனம் பதிவானவையாகவே ஏற்றுக்கொண்டது. அந்தத் தேதிக்குப் பிறகு, முஸ்லிம் அல்லாதவர்கள் சிங்கப்பூரில் செய்துகொள்ளும் திருமணத்துக்கு முறையான உரிமமும், திருமணம் நடத்திவைக்க அதிகாரம் பெற்றவரும் இருந்தாக வேண்டும். முஸ்லிம்களுக்குத் தனிச்சட்டமும் ஷரியா நீதிமன்றமும் உள்ளன. அவற்றைப் பற்றி இம்மடலில் நான் பேசவில்லை. ஆக, ஐயரும் அக்கினியும் ஆயிரம் விருந்தினரும் இருந்தாலும், பதிவு இல்லாமல் இங்கு கட்டப்படும் தாலி ஒருவரைச் சட்டப்படி மனைவி ஆக்குவதில்லை. தாலியே ஏறாவிட்டாலும் பதிவு ஆக்கிவிடுகிறது.

இந்தியாவில் நிலைமை ஏறத்தாழ இதற்கு நேர்மாறு. அங்கு 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி, சடங்கு முறையாக நடந்திருந்தால் திருமணம் செல்லும். பதிவு செய்யவில்லை என்பதற்காக மட்டும் அது செல்லாமல் போவதில்லை. நம் குடும்பங்களில் பெரியவர்கள் பலர் அந்த வழக்கத்தில் ஊறியவர்கள். அண்மையில் இங்கு வந்து குடியேறியவர்களுக்கோ அதுதான் தெரிந்த ஒரே நடைமுறை. தாலிதான் கல்யாணம், பதிவு வெறும் காகிதம் என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. அந்த எண்ணத்தைத் திருத்த வேண்டிய இடத்தில் இருக்கும் சங்கம், அதையே அச்சிட்டுக் கொடுக்கிறது என்பதுதான் என் முதல் மனக்குறை.

செல்லாத திருமணம் என்பதில் இரண்டு வகை உண்டு. கையேடு இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டது. முதல் வகை, தொடக்கத்திலிருந்தே செல்லாதது. ஊரில் மனைவி இருக்கும் ஒருவர் அதை மறைத்து இங்கு பதிவு செய்துகொண்டால் அந்தப் பதிவுக்குத் திருமணம் என்ற தகுதி ஒருபோதும் வந்ததில்லை. ஊரில் நடந்தது பதிவாகவில்லையே என்று அவர் வாதிட்டாலும், மேலே சொன்ன காரணத்தால் அந்த வாதம் நிற்காது. நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று தாய்மாமன் திருமணம். அக்காள் மகளை மணப்பது சாசனம் தடைசெய்துள்ள உறவுமுறைக்குள் வருகிறது. சமய வழக்கத்தை முன்னிட்டு அமைச்சர் தனியாக அனுமதி அளித்தால்தான் அதற்கு வழியுண்டு. அத்தை மகன், மாமன் மகள் உறவுக்கு அந்தத் தடை இல்லை. இவற்றைப் பற்றிக் கையேட்டில் ஒரு சொல்கூட இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

இரண்டாம் வகை, செல்லும் திருமணம்தான். ஆனால் குறிப்பிட்ட காரணங்களில் ஒன்றை நிரூபித்தால் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்க முடியும். அக்காரணங்கள் சாசனத்தின் 106ஆவது பிரிவில் உள்ளன. இருவரில் ஒருவருக்கு உடலுறவுக்கான இயலாமை இருந்து, அதனால் தாம்பத்தியம் நிகழாதிருப்பது. எதிர்த்தரப்பினர் வேண்டுமென்றே அதற்கு மறுத்திருப்பது. மிரட்டலாலோ தவறான புரிதலாலோ மனநிலையாலோ உண்மையான சம்மதம் இல்லாதிருந்தது. மணவாழ்வுக்கு ஒவ்வாத மனநோய். திருமணத்தின்போது எதிர்த்தரப்பினருக்குத் தொற்றக்கூடிய பால்வினை நோய் இருந்தது. மணப்பெண் அப்போது வேறொருவரால் கருவுற்றிருந்தது. இவ்வளவுதான். மனம் ஒத்துப்போகவில்லை, சம்பந்தி வீட்டாரோடு தகராறு, சீர்வரிசையில் கசப்பு, வேறொருவர் மீது விருப்பம் என்பவற்றுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இருவரும் சேர்ந்து சம்மதித்தாலும் இடமில்லை. சம்மதமின்மை முதல் கருவுற்றிருந்தது வரையிலான நான்கு காரணங்களுக்கும், திருமண நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும் என்ற கெடுவும் உண்டு. வீட்டார் வற்புறுத்திக் கையெழுத்து வாங்கிய ஒரு பெண், சங்கம் சொன்னபடி எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று காத்திருந்தால், அந்தக் காரணத்தைச் சொல்லித் திருமணத்தைச் செல்லாததாக்க அவளுக்கு இருந்த கதவு மூடிக்கொள்ளும்.

என் தங்கை மகள் விஷயத்தில் மாப்பிள்ளை வீட்டார் நாளைத் தள்ளிக்கொண்டே போனார்கள். முதலில் மண்டபம், பிறகு அவருடைய வேலை மாற்றம், பிறகு பேச்சே இல்லை. கடைசியில் அந்தப் பிள்ளையே அவளைக் கூப்பிட்டு, தான் ரத்துக்கு மனுப் போடுவதாகவும், அவள் ஒரு கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றும், இருவரும் பழையபடி கல்யாணமாகாதவர்களாகிவிடலாம் என்றும் கனிவாகவே சொன்னார். அவர் கையிலும் அதே கையேடுதான் இருந்தது. சடங்குக்கு மறுத்தவரே அந்த மறுப்பைக் காரணம் காட்டி மனுப் போட முடியாது என்பதை எங்கள் வழக்கறிஞர் சொன்ன பிறகுதான் இரு வீட்டாருக்கும் விளங்கிற்று. மனுவை அவள்தான் தொடுக்க வேண்டியிருந்தது.

வழக்கறிஞர் அவளிடம் கேட்ட கேள்விகளை உங்கள் கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை. தாலி ஏறிய பிறகே சேர்ந்து வாழ்வது என்று பதிவுக்கு முன்பே இருவரும் பேசி வைத்திருந்தீர்களா? அதற்கு என்ன ஆதாரம்? சடங்குக்கு நாள் குறிக்கச் சொல்லி நீ எப்போது, எப்படிக் கேட்டாய்? அவர் என்ன பதில் சொன்னார்? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் 1993ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இருக்கிறது. சீன மரபுச் சடங்கு முடிந்த பிறகே கணவன் மனைவியாக வாழ்வது என்று ஒப்புக்கொண்டு பதிவு செய்துகொண்ட ஓர் இணையரின் வழக்கு அது. அப்படி ஓர் உடன்பாடு இருந்த நிலையில், சடங்குக்கு வரமாட்டேன் என்று நியாயமான காரணமின்றி மறுப்பது, தாம்பத்தியத்துக்கே வேண்டுமென்று மறுப்பதாகும் என்று நீதிமன்றம் கண்டது. நம் பிள்ளைகளுக்கும் பொருந்தக்கூடிய தீர்ப்பு இது. ஆனால் அது தானாக வந்து யாருக்கும் உதவுவதில்லை; உடன்பாடு இருந்ததையும் மறுத்தவர் யார் என்பதையும் நிரூபிக்க வேண்டும். அவளிடம் குறுஞ்செய்திகளும், மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய ரசீதும், கோயிலில் நாள் குறித்து வாங்கிய சீட்டும் இருந்தன. எத்தனை பேர் இவற்றைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள்?

பிறகு அந்தச் சத்தியப் பிரமாணப் பத்திரம். தனக்கும் அவருக்கும் இடையே உடலுறவு நிகழவில்லை என்பதை இருபத்தாறு வயதுப் பெண் ஓர் அந்நியரிடம் வாய்விட்டுச் சொல்லி, அது தாளில் ஏறி, அதன் கீழ்க் கையெழுத்திட வேண்டும். பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். அவளுடைய தாய் வெளியே இருந்தாள். உள்ளே வர அவளால் முடியவில்லை. இதைத்தான் நம் கையேடு மண்டப முன்பதிவை ரத்து செய்வது போலப் பேசுகிறது.

இதைவிடக் கடுமையான ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அண்மைக் கூட்டம் ஒன்றில், சாவி கிடைத்துச் சேர்ந்து வாழத் தொடங்கிவிட்டவர்களால் ரத்து செய்ய முடியுமா என்று ஓர் இளைஞர் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிக்கொடுத்தால் போதும் என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அரங்கில் சிலர் சிரித்தார்கள். சத்தியம் செய்து நீதிமன்றத்தில் பொய் சொல்வது குற்றம். அதற்குரிய தண்டனையில் சிறைவாசமும் அடங்கும். தொண்டூழியராக நின்று பேசுபவர் நல்லெண்ணத்தோடு பேசியிருக்கலாம், எனினும் சங்கத்தின் பெயர் பொறித்த மேடையில் அப்படி ஓர் அறிவுரை சொல்லப்பட்டதும், அதை யாரும் அங்கேயே திருத்தாததும் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை.

கையேட்டின் அடுத்த பாதிக்கு வருகிறேன்: நடக்காததாகவே கருதப்படும் என்பது. இரண்டாம் வகைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வந்தால், அது இறுதித் தீர்ப்பு வந்த நாளிலிருந்து முன்னோக்கி மட்டுமே வேலை செய்யும் என்று சாசனத்தின் 110ஆவது பிரிவு சொல்கிறது. அதுவரை அந்தத் திருமணம் இருந்ததாகவே சட்டம் கொள்ளும். பிள்ளை பிறந்திருந்தால் அது முறைப்படி பிறந்த பிள்ளைதான். ஜீவனாம்சம், சொத்துப் பங்கீடு குறித்தும் நீதிமன்றம் ஆணையிடலாம். தொடக்கத்திலிருந்தே செல்லாத திருமணத்திலும்கூட அந்த அதிகாரம் உண்டு என்று 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்புத்தான் என்பதும், அது இறுதியாகும்வரை அவள் மனைவிதான் என்பதும் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. தீர்ப்பு வந்துவிட்டது என்று அவசரப்பட்டு அடுத்த பதிவுக்கு நாள் குறித்தால், அந்த இரண்டாம் திருமணம் முதல் வகையில் போய் விழும்.

இவற்றிலெல்லாம் நம்மவர்கள் அறவே கவனிக்காதது மத்திய சேம நிதி. வேலைக்குப் போன புதிதில் அம்மா பெயருக்கு நாமினேஷன், அதாவது தன் மறைவுக்குப் பின் பணம் யாருக்கு என்ற நியமனம், எழுதி வைக்கும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய. திருமணம் ஆன அந்தக் கணத்திலேயே அந்த நியமனம் சட்டப்படி நீங்கிவிடுகிறது. திருமணம் என்றால் பதிவுத் திருமணம். தாலிக்காக அது காத்திருப்பதில்லை. புதிய நியமனம் செய்யாமல் ஒருவர் இறந்துபோனால், அவருடைய சேமநிதிப் பணம் பொது அறங்காவலரிடம் சென்று, உயில் இல்லாதவர்களின் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி பிரிக்கப்படும். பிள்ளைகள் இல்லாமல் கணவரும் பெற்றோரும் மட்டும் இருந்தால், பாதி கணவருக்கு, பாதி பெற்றோருக்கு. பிள்ளை இருந்தால் பெற்றோருக்கு ஒன்றுமே இல்லை. திருமணத்துக்கு முன் எழுதிய உயிலும், அந்தத் திருமணத்தையே மனத்தில் கொண்டு எழுதப்பட்டதாக இருந்தாலன்றி, பதிவோடு செயலிழந்துவிடும்.

என் தங்கை கணவரை இழந்தவள். மகள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திய நாள் முதல் இறுதித் தீர்ப்பு வந்த நாள் வரை, அந்தப் பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்திருந்தால், அவளுடைய சேமநிதியில் பாதி, வீட்டு வாசலையே மிதிக்காத ஒருவருக்குப் போயிருக்கும். அவள் அம்மா பெயருக்கு எழுதி வைத்திருந்தது பதிவன்றே போய்விட்டது என்பதை நாங்கள் தற்செயலாகத்தான் அறிந்தோம். தீர்ப்பு வந்தபின் பழைய நியமனம் தானே உயிர்பெற்றுவிடும் என்று உறவினர் ஒருவர் ஆறுதல் சொன்னார். அப்படி உயிர்பெறுவதில்லை. பதிவு முடிந்த மறுநாளே அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாகச் சேமநிதி இணையத்தளத்துக்குள் சென்று, இரண்டு சாட்சிகளோடு புதிதாக எழுதியிருந்தால் இந்தக் கவலையே வந்திருக்காது. அம்மா பெயருக்கே மறுபடியும் எழுதலாம், சட்டம் தடுக்கவில்லை. கையேட்டில் மலர் அலங்காரத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இதற்கு இரண்டு வரி போதும்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீர்ப்புக்குப் பிறகு வீவக வீட்டை யாராவது வைத்துக்கொள்ள முடியுமா, திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்பதை வீவக தன் விதிகளின்படி பார்க்கும். வீடு நம் கையை விட்டுப் போகாது என்று கூட்டத்தில் உறுதி சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

பிள்ளைகள் மிரண்டுபோவார்கள் என்ற உங்கள் காரணத்தை நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். மிரளப்போவது பிள்ளைகள் அல்லர் என்பதே என் கணிப்பு. விவாகரத்து என்ற சொல் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று நாம்தான் அஞ்சுகிறோம். அதனால்தான் செல்லாது என்ற தீர்ப்பை, கறைபடாத ஒரு மாற்று வழியாக நம்மிடையே பரப்பிக்கொண்டிருக்கிறோம். 2024 ஜூலை 1 முதல், இருவரும் ஒத்துக்கொண்டு, ஒருவர் மீது ஒருவர் பழி சுமத்தாமல் மணவிலக்குப் பெறவும் சட்டம் வழிசெய்திருக்கிறது. அதற்கும், விதிவிலக்கான துன்பம் இருந்தாலொழிய, திருமணமாகி மூன்று ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். கையெழுத்திடுவதற்கு முன் இந்த மூன்று ஆண்டுகளைப் பற்றித் தெரிந்துகொண்ட ஒரு பெண்ணோ பிள்ளையோ பதிவை ஒத்திப்போட்டால், அதில் சங்கத்துக்கு என்ன இழுக்கு? சாவி கிடைத்தபின் மூன்று மாத அவகாசம் இருக்கிறது. அதற்குள் தாலியையும் பதிவையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன.

ஆகவே குழுவிடம் நான் கேட்பது இவை. கையிருப்பில் உள்ள கையேடுகளை விநியோகிப்பதை உடனே நிறுத்துங்கள். அந்த வாசகத்தை நீக்கிய பிறகே அடுத்த பதிப்பை அச்சுக்கு அனுப்புங்கள். அதன் இடத்தில், பதிவு நாளிலிருந்தே திருமணம் சட்டப்படி முழுமையானது என்பதையும், நீதிமன்றம் மட்டுமே, குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே, அதைச் செல்லாததாக்க முடியும் என்பதையும், அந்தத் தீர்ப்பு பின்னோக்கிச் செல்லாது என்பதையும், சேமநிதி நியமனத்தையும் உயிலையும் பதிவுக்குப் பின் புதிதாக எழுத வேண்டும் என்பதையும் எளிய தமிழில் போடுங்கள். அச்சுக்குப் போகுமுன் குடும்பச் சட்டத்தில் பழகிய தமிழ் வழக்கறிஞர் ஒருவர் அதைப் படித்துப் பார்க்கட்டும். நம் சமூகத்தில் அவர்களுக்குப் பஞ்சமில்லை, கேட்டால் இலவசமாகவே செய்துகொடுப்பார்கள்.

வழிகாட்டிக் கூட்டங்களில் பேசும் தொண்டூழியர்கள் சட்டக் கேள்விகளுக்குத் தாமாகப் பதில் சொல்லாமல், சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கோ, தகுதி உள்ளவர்களை அரசாங்கத்தின் சட்ட உதவிப் பிரிவுக்கோ அனுப்ப வேண்டும் என்று எழுத்துமூலம் அறிவுறுத்துங்கள். பொய்ச் சத்தியம் செய்யச் சொன்ன அந்தப் பதிலை, அன்று அரங்கில் இருந்த எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பித் திரும்பப் பெறுங்கள். அவர்களுடைய முகவரிகள் பதிவேட்டில் இருக்கின்றன.

கோயில் நிர்வாகங்களிடம் ஒன்றே ஒன்று: தாலி கட்ட நாள் கேட்டு வருபவர்களிடம் பதிவுச் சான்றிதழைப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லையென்றால் இச்சடங்கு மட்டும் சட்டப்படி திருமணமாகாது என்பதை மணப்பெண்ணின் காதில் விழும்படி சொல்லுங்கள்.

ஆடி முடிந்ததும் அடுத்த வழிகாட்டிக் கூட்டம் இருக்கிறது. அதற்கு முன் குழுவின் முடிவை எழுத்தில், உறுப்பினர்கள் அனைவரும் பார்க்கும்படி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். மறுபடியும் பழைய கையேடே வழங்கப்படுமானால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினர் ஒருவர்,
ஈசூன்